கட்டிலுக்கு அடியில் ஒரு நிலாப் பள்ளம்

வெடி மருந்து வாசமும் சலவை சோப்பு வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எனக்கு ஆவடி குவார்ட்டர்ஸ் மொட்டை மாடிதான் ஞாபகம் வரும். இந்த இரண்டும் எங்கே சேர்ந்து வரும் என்று கேட்கிறீர்களா... சொல்கிறேன்.

நானும் எதிர்வீட்டுத் திலகாவும் எட்டாவது படித்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் அப்பாவுக்கும் ஒரே ஃபேக்டரி, ஒரே ஷிஃப்ட். அவர்கள் திருநெல்வேலிப் பக்கம், நாங்கள் விழுப்புரம். அந்த வருஷம் அவள் அப்பாவுக்கு ஜபல்பூருக்கு டிரான்ஸ்பர் வந்துவிட்டது. அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் கிளம்ப வேண்டும்.

அதற்கு முன்னால் ஸ்கூலில் சயின்ஸ் எக்ஸிபிஷன். நாங்கள் சேர்ந்து செய்யப்போகிற கடைசி வேலை அதுதான் என்று இருவருக்கும் தெரியும்.

நிலாவில் பள்ளங்கள் எப்படி வந்தன... தலைப்பு அவள் பிடித்தது. அம்மாவின் பழைய தாம்பாளத்தில் வெள்ளைக் கோலப்பொடியைக் கனமாகப் பரப்பி, அதன்மேல் மெல்லிசாகக் காவிப்பொடி தூவினோம். மேலிருந்து ஒரு கோலிக்குண்டைப் போட்டால் குழி விழும். அடியில் இருந்த வெள்ளை, காவி மேலே சுற்றிலும் கதிர் கதிராகத் தெறிக்கும். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஸ்கூலில் செய்து காட்டியபோது சயின்ஸ் மிஸ் வந்து பார்த்தார். "எல்லாக் கல்லும் நேரா மேலேர்ந்தேவா விழும்? சாஞ்சும் வரும்ல? அப்புறம் ஏன் நிலாவுல பள்ளமெல்லாம் வட்டமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

சாய்வாக எறிந்து பார்த்தோம். குண்டு பொடியை உழுதுகொண்டு போய்த் தட்டைத் தாண்டி விழுந்தது. நீளமாக ஒரு கோடுதான் மிச்சம். எத்தனை தடவை எறிந்தாலும் அதே கதை.

அன்றைக்குச் சாயங்காலம் திலகா திடீரென்று என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, கல்லு சும்மா வந்து விழுந்திருக்காது. வெடிச்சிருக்கும். தீபாவளிக்கு மண்ணுக் குவியல்ல வெடியச் சாச்சு வச்சோம்லா... அப்பவும் குழி வட்டமாத்தான விழுந்துச்சு?"

கார்த்திகைக்கு என்று கொஞ்சம் வெடி மிச்சம் பிடித்து வைப்பது எல்லார் வீட்டிலும் உண்டு. அவர்கள் வீட்டுப் பரணிலிருந்து குருவி வெடி மொட்டை மாடிக்கு வந்தது. ஒன்றைப் பொடிக்குள் நன்றாகச் சாய்த்துச் செருகினோம். திரி மட்டும் வெளியே. ஊதுபத்தியால் பற்றவைத்துவிட்டு ஓடினோம்.

படார்!

புகை விலகிக் கிட்டே போய்ப் பார்த்தால்... வட்டம். காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி வட்டம். கையைக் கோத்துக்கொண்டு குதித்தோம். குதித்து முடித்த பிறகுதான் துணிக்கொடியைப் பார்த்தோம்.

கீழ்வீட்டு தனம் ஆன்ட்டி காயப்போட்டிருந்த வெள்ளைச் சட்டைகள். காற்று வேறு அந்தப் பக்கம் அடித்திருக்கிறது. எல்லாவற்றிலும் காவி. ஆன்ட்டி வியாசர்பாடிக்காரர். சத்தம் கேட்டு மூச்சு வாங்க மேலே வந்தார்.

"இன்னாமே பண்ணி வச்சிகீறீங்க? இப்பத்தானே தொவச்சிப் போட்டுட்டுப் போனேன்!"

"நிலா செஞ்சோம் ஆன்ட்டி..."

"நிலாவாம் நிலா! மொதல்ல இதத் தொவச்சிக் குடுங்க. நிலாவ அப்பால பாத்துக்கலாம்."

இருட்டும்வரை துவைத்தோம். சிரித்துச் சிரித்துத் துவைத்தோம்.

ஸ்கூலுக்குள் வெடி கொண்டுபோனால் டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதனால் பள்ளத்தையே தூக்கிக்கொண்டு போக முடிவு செய்தோம். ஆளுக்கு ஒரு பக்கம் தட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரே மாதிரி அடி வைத்து, குவார்ட்டர்ஸ் ரோடு முழுக்க நடந்தோம். ஷிஃப்டுக்குப் போகிற சைக்கிள்கள் எங்களுக்காக ஒதுங்கின. மூச்சுக்காற்றில் விளிம்பு சரிந்துவிடுமோ என்று நாங்கள் பேசவே இல்லை.

பரிசு கிடைக்கவில்லை. "வொர்க்கிங் மாடல் இல்லியாம்மா?" என்று கேட்டுவிட்டு ஜட்ஜ் அடுத்த டேபிளுக்குப் போய்விட்டார். பரிசு, சோடா மாவு போட்டுப் பொங்கவைத்த எரிமலைக்கு. "எரிமலைதான்டி எப்பவும் ஜெயிக்கும், விடு" என்றாள் திலகா. முகம் மட்டும் சின்னதாகிவிட்டது.

கிளம்புகிற அன்றைக்கு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டு மறுபடி இறங்கி வந்தாள். "தட்டக் கலைச்சிராத, என்ன? லீவுக்கு வரும்போது நான் பாக்கணும்."

தட்டு என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. நிலாவில் காற்றும் இல்லை, மழையும் இல்லை, அதனால்தான் பள்ளம் அழியாமல் இருக்கிறது என்று மிஸ் சொல்லியிருந்தார். கட்டிலுக்கு அடியிலும் இரண்டும் கிடையாது. அந்த தைரியத்தில் இருந்தேன்.

போகி வருகிறது என்று அம்மா வீட்டை ஒழிப்பார் என்பதை மறந்துவிட்டேன். ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்தால், வாசலில் வெளிர் காவி நிறத்தில் பெரிய கோலம்.

"பொடிய வீணாக்குவானேன்னு போட்டேன்டி. நல்லா இல்ல?"

நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அப்படி அழுதேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் காலையில் தண்ணீர் தெளித்ததும் அதுவும் போனது.

இப்போது அம்பத்தூர் மேனாம்பேட்டில் மூன்றாவது மாடி ஃப்ளாட். மகளின் ஸ்கூல் ப்ராஜெக்ட் எல்லாம் ஆன்லைனில் ஆர்டர் போட்டால் டப்பாவில் வந்துவிடுகிறது. கை அழுக்காவதில்லை, பக்கத்து வீட்டுத் துணியும் அழுக்காவதில்லை. போன வாரம் அவள் ஒரு வீடியோ காட்டினாள். அத்தனை வேகத்தில் வந்து மோதுகிற கல், மோதிய இடத்திலேயே வெடித்துச் சிதறிவிடுமாம். அதனால் எந்தப் பக்கம் சாய்ந்து வந்தாலும் பள்ளம் பெரும்பாலும் வட்டம்தானாம்.

உடனே திலகாவுக்கு அனுப்பினேன். குவார்ட்டர்ஸ் வாட்ஸப் குரூப்பில்தான் அவளைத் திரும்பப் பிடித்தேன். இன்னும் ஜபல்பூரில்தான் இருக்கிறாள். அந்த லீவுக்கு அவள் வரவில்லை... அப்புறம் எந்த லீவுக்கும் வரவில்லை.

வாய்ஸ் மெசேஜ் வந்தது. குரலில் கொஞ்சம் இந்தி வாடை, மற்றபடி அதே திலகா. "பாத்தியாட்டி? நான் அப்பவே சொன்னேம்லா!" ஒரே சிரிப்பு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "ஆமா... அந்தத் தட்டு என்னாச்சு?"

பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். அம்பத்தூர் ஃபேக்டரிக் கூரைகளுக்கு மேலே, பொழுது சாயும் முன்பே நிலா வந்திருந்தது. பள்ளமெல்லாம் திட்டுத் திட்டாகத் தெரிந்தது.

'இருக்குடி' என்று டைப் செய்தேன். 'அப்படியேதான் இருக்கு. நீ வந்து பாரு.'