கேட்காமல் வந்த ஃபுல் பேக்கப்

ஆரம்பாக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். சர்வர், பிரிண்டர், டோக்கன் மெஷின், டாக்டர் அறையில் அடிக்கடி மக்கர் செய்யும் மவுஸ், எல்லாம் என் பொறுப்பு. தை மாதம் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் கோடையிலேயே, நோயாளிகளின் பதிவுகள் தினமும் சென்னையிலுள்ள ஒரு சர்வருக்கும் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றும்.

ஏற்பாடு எளிமையானது. சனி இரவு மொத்தப் பதிவுகளும் ஒரே நகலாகப் போகும். அது ஃபுல் பேக்கப். மற்ற நாட்களில், அந்த நகலுக்குப் பிறகு மாறியவை மட்டும் போகும். அது டிஃபரென்ஷியல். எங்கள் இணைய லைன் மிக மெதுவானது. டிஃபரென்ஷியல் சில நிமிடங்களில் போய்விடும். ஃபுல் போய் முடிய மறுநாள் மதியம் ஆகிவிடும். ஞாயிறு புறநோயாளிகள் வருவதில்லை என்பதால்தான் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு கோட்டைக்குப்பத்திலிருந்து போன் வந்தது. செவ்வாய்தோறும் எங்கள் நர்ஸ் ஒருத்தி அங்கே கிளினிக் நடத்துவாள். லேப்டாப்பிலிருந்து இணையம் வழியாக எங்கள் சர்வரில்தான் பதிவுகளைப் பார்ப்பாள்.

"இன்னாக்கா இது, பேர் தட்டுனா சுத்திக்கினே கீது. சுகர் பாக்க வந்தவங்கள்லாம் ஏரிக்கு மீன் புடிக்கப் போவணும்னு கத்துறாங்க."

பார்த்தால், நேற்று இரவு தொடங்கிய பேக்கப் இன்னும் போய்க்கொண்டிருந்தது. திங்கட்கிழமை டிஃபரென்ஷியல்தான் போக வேண்டும். போய்க்கொண்டிருந்ததோ ஃபுல். உடனே நிறுத்தினேன். இரண்டு நிமிடத்தில் அவள் திரை திறந்துகொண்டது. மிச்சத்தை மாலையில் கிளினிக் முடிந்த பிறகு அனுப்பினேன்.

பேக்கப் சாஃப்ட்வேர் எழுதி வைத்திருந்த குறிப்பு இதுதான்: அடிப்படை நகல் மாறியிருக்கிறது, டிஃபரென்ஷியல் எடுக்க இயலாது, அதனால் ஃபுல் எடுக்கிறேன். நான் எதையும் மாற்றவில்லையே. அந்த சாஃப்ட்வேரை விற்றவரைச் சென்னையில் பிடித்தேன்.

"கரப்ட் ஆயிருக்கும் மேடம். தூக்கிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணிடுங்க. சரியாயிடும்."

"காரணம் தெரியாம நான் எதையும் தூக்க மாட்டேன் சார்."

"உங்க இஷ்டம் மேடம்" என்று வைத்துவிட்டார்.

செவ்வாயும் புதனும் ஒழுங்காக டிஃபரென்ஷியல் போனது. வெள்ளிக்கிழமை காலை வந்தால், மறுபடி ஃபுல். கெட்டுப்போன சாஃப்ட்வேர் இப்படி நாள் பார்த்துக் கெடாது. யாரோ செய்கிறார்கள் என்று அப்போது உறுதியாகத் தெரிந்துவிட்டது.

பதிவுகள் இருக்கும் டேட்டாபேஸ் ஒரு விஷயத்தில் நல்லது. தன்னை யார், எப்போது, எங்கே நகல் எடுத்தாலும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலைத் திறந்தேன். என்னுடையவற்றுக்கு நடுவில் நான் எடுக்காத இரண்டு ஃபுல் பேக்கப்புகள் இருந்தன. திங்கள் மாலை நாலே முக்கால். வியாழன் மாலையும் ஏறக்குறைய அதே நேரம். எடுத்தவர் பெயர் என்று இருந்த இடத்தில், எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவரின் பெயர்.

அவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. காசநோய்க்காரர்கள், கர்ப்பிணிகள், மனநலச் சிகிச்சைக்கு வருபவர்கள் என்று எல்லாருடைய விவரமும் அதில் இருக்கிறது. யாருக்கு என்ன நோய் என்பது ஊருக்குத் தெரிந்தால் நிச்சயித்த கல்யாணம் நின்றுபோகும் இடம் இது. அவருடைய கணக்கை முடக்கியிருக்க வேண்டியது நான். சேர்ந்த முதல் வாரமே செய்திருக்க வேண்டும், செய்யவில்லை.

நகல் எங்கே போனது என்று அடுத்து பார்த்தேன். லேப் கம்ப்யூட்டரில் செருகிய ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு. வெளி ஆள் இல்லை. பாதி உயிர் வந்தது. மீதி இடத்தில் கோபம் வந்தது.

லேப் டெக்னீஷியன் எளாவூர்க்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ரத்தக் குழாய்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, சாயந்தரத்துல இங்க இருந்து யாராவது பேக்கப் எடுக்குறாங்களா?"

"நான்தான் எடுக்குறேன். ஏன், இன்னா?" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

மேசை இழுப்பறையிலிருந்து ஓர் எவர்சில்வர் டப்பாவை எடுத்து வைத்தார். உள்ளே பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஹார்ட் டிஸ்க். லேப் கம்ப்யூட்டரின் திரையில் ஓர் ஐகானைக் காட்டினார். அதை இரண்டு முறை தட்டினால் போதும், மொத்தமும் டிஸ்க்கில் இறங்கிவிடும். பழைய ஆள் தன் கணக்கிலேயே போட்டுக் கொடுத்தது.

"போன தடவ மழைல தண்ணி உள்ள வந்துச்சும்மா. கம்ப்யூட்டர் முழுவி மூணு மாச ரிசல்ட் போச்சு. கோட்டைக்குப்பத்துல வீடு வீடாப் போய் மறுபடி ரத்தம் குடுங்கன்னு நின்னேன். ஒரு பொம்பளை கையை நீட்டிக்கினே, ஏம்மா, எங்க ரத்தத்தை இன்னா பண்ணீங்கன்னு கேட்டா. எனக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. அதான், மழை வருதுன்னு சொல்ற நாள்லாம் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போயிடுவேன். எங்களுது மாடி வீடு."

திங்களும் வியாழனும் கனமழை எச்சரிக்கை வந்த நாட்கள்தான். நான் சேர்ந்தது மழைக்காலம் முடிந்த பிறகு என்பதால், இது வரை என் கண்ணில் படவில்லை.

திட்ட வந்தவள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நடப்பதை அவருக்குச் சொன்னேன். நீங்கள் எடுக்கும் நகலிலிருந்து டேட்டாபேஸ் மாற்றங்களைப் புதிதாக எண்ணத் தொடங்கிவிடுகிறது. ஆனால் அந்த நகல் சென்னையில் இல்லை. வெறும் மாற்றங்களை மட்டும் அனுப்பினால் அங்கே அவற்றைச் சேர்க்க அடிப்படை நகல் இருக்காது. அதனால்தான் சாஃப்ட்வேர் மொத்தத்தையும் மறுபடி அனுப்புகிறது. சொல்லும்போதே எனக்கும் உறைத்தது. இத்தனை நாள் நான் கோளாறு என்று நினைத்தது, உண்மையில் அது சரியாக வேலை செய்ததுதான்.

"அப்ப நான் எடுக்கக்கூடாதா?" அவர் குரல் இறங்கியது. "டாக்டராண்ட சொல்லப் போறியா?"

"எடுங்க. எப்படி எடுக்கணும்னு மாத்தித் தரேன்."

அன்று மதியம் டாக்டரிடம் நானே போனேன். பழைய ஆளின் கணக்கை மூடாமல் விட்டது என் தப்பு, லேப்பில் எடுத்த நகலால்தான் லைன் அடைத்தது, அந்த நகல் நமக்கு வேண்டும் என்றேன். நோயாளிகளின் விவரம் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார். போகக்கூடாது என்றேன். டிஸ்க்குக்குப் பாஸ்வேர்ட் போட்டு, நம் மாடியில் இருக்கும் இரும்பு பீரோவில் வைப்போம் என்றேன். சரி என்றார்.

பழைய கணக்கை மூடிவிட்டு, லேப் அக்கா பெயரிலேயே ஒரு கணக்கு திறந்தேன். ஐகானுக்குப் பின்னாலிருந்த கட்டளையில் 'காப்பி ஒன்லி' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தேன். நகல் எடு, ஆனால் எண்ணிக்கையை அதிலிருந்து தொடங்காதே என்று அதற்கு அர்த்தம். அடுத்த எச்சரிக்கை நாளில் அவர் மாலையில் எடுத்தார். இரவு சென்னைக்குப் போனது டிஃபரென்ஷியல்தான்.

அதோடு நான் விடவில்லை. எடுத்த நகல் திரும்ப உயிர் பெறுமா என்று பார்க்காதவரை அது நகலே இல்லை. ஒரு சனிக்கிழமை மதியம், ஓரமாகக் கிடந்த கம்ப்யூட்டரில் அவருடைய டிஸ்க்கைச் செருகி ஏற்றினோம். முதல் முறை ஏறவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது பழைய வெர்ஷன். புதியதைப் போட்டு மறுபடி ஏற்றியதும் பதிவுகள் வரிசையாக வந்து நின்றன. அக்கா லேப் நோட்டைப் பிரித்து, ஆறு பேருடைய சர்க்கரை அளவைத் திரையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஆறும் சரி.

"இதை மாசத்துக்கு ஒரு தபா பாத்துடலாம்" என்றார். காலண்டரில் அடுத்த மாதத்து முதல் சனிக்கிழமையை அவரே பேனாவால் வட்டமிட்டுவிட்டு, எளாவூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.