வீட்டு வயல் அரிசி

எங்கள் ஊர்ப்பக்கம் பல வீடுகளில் உள்ள வழக்கம் இது; யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. விற்கிற நெல்லுக்குத் தனி வயல், வீட்டில் சாப்பிடுகிற நெல்லுக்குத் தனி வயல். முக்கொம்புக்கு மேற்கே அண்ணனுக்கு இருக்கும் நிலத்தில், வாய்க்கால் தண்ணீர் முதலில் பாயும் இடத்தில் ஒரு சின்ன வயல் உண்டு. அதற்குப் பெயரே வீட்டு வயல். எருவும் தழையும் தவிர அதில் எதுவும் விழாது. மற்ற வயல்களில் நோய் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மருந்து அடித்துவிடுவார்.

"என்னண்ணே, ஊருக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணா?" என்று கேட்டால், "நீ திங்கறது வீட்டு வயல் அரிசிதானே, பேசாமத் தின்னு" என்பார். நானும் பேசாமல்தான் தின்றேன். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கும் அந்த அரிசிதான் மூட்டையாக வரும்.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். உலக வர்த்தகச் சட்டம் என் பாடம். உணவுப் பொருளில் பூச்சிமருந்தின் எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்று ஒவ்வொரு நாடும் தன் மக்களின் நலனுக்காக வரம்பு வைக்கலாம். அறிவியல் காரணம் இருக்க வேண்டும், ஆளுக்கொரு நியாயம் கூடாது. நல்ல சட்டம் என்றுதான் வருடா வருடம் பிள்ளைகளிடம் சொல்லி வந்தேன். அது என் அண்ணன் வீட்டு அடுப்படி வரைக்கும் வரும் என்று நினைக்கவில்லை.

ஒரு வருஷம் ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்பும் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தார். நெற்பயிரைத் தாக்கும் குலைநோய்க்கு நாம் அடிக்கிற மருந்தின் வரம்பை அந்த நாடுகள் வெகுவாகக் குறைத்துவிட்டன, அந்த மருந்து படாத நெல் வேண்டும், களத்திலேயே எடை போட்டு எடுத்துக்கொள்கிறோம் என்றார். கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவைத்து, மழை வருமோ வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்த அண்ணனுக்கு அது தெய்வவாக்காகப் பட்டது. அந்த ஆள் வயல் வயலாக நடந்தார். மேலேயிருந்து அடுத்தவர் வயல் தண்ணீர் இறங்காத இடம், பல வருஷமாக மருந்து காணாத மண். கடைசியில் கையை நீட்டிக் காட்டியது வீட்டு வயலைத்தான்.

அண்ணன் தலையாட்டிவிட்டார். அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த மார்கழியில் பனி கொட்டித் தீர்த்தது. குலைநோய் வந்தது. வீட்டு வயலில் மருந்தில்லாமல் போனது போகட்டும் என்று விட்டுவிட்டு, மற்ற வயல்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே அடித்தார். தை அறுவடையில் வீட்டு வயல் நெல் தனியாகக் காய்ந்து, தனிச் சாக்குகளில் கூடத்தில் அடுக்கப்பட்டது. வீட்டுக்கென்று மில்லுக்குப் போனது வாய்க்கால் கடைசியில் இருக்கிற வயலின் நெல்.

அண்ணன் மகள் அப்போது தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை; அவளும் அங்கேதான் இருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அழைத்து வந்திருந்தார்கள்.

பழைய அரிசி தீர்ந்து புது அரிசி உலையில் ஏறிய ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். அண்ணி கூடத்துச் சாக்குகளைப் பார்த்துவிட்டு, "வீட்டு வயல் நெல்லு இன்னும் மில்லுக்கே போகலையே, இது எந்த நெல்லுங்க?" என்று கேட்டார். அண்ணன் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். அண்ணி கொதிக்கிற உலையைத் தட்டால் மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீதான் பாடம் நடத்துறியேம்மா. அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு இது ஆகாதுன்னு சட்டம் போட்டிருக்காங்க. நம்ம பிள்ளைக்கு?"

"நம்ம நாட்டு வரம்பு வேற அண்ணி. அதுக்குள்ளதான் இருக்கும். சட்டப்படி தப்பில்ல."

வகுப்பில் நூறு தடவை சொன்ன வாக்கியம்தான். அந்த அடுப்படியில் அதைச் சொல்லிவிட்டு எனக்கே அசிங்கமாக இருந்தது.

அண்ணி மகளைக் காட்டினார். அவள் தட்டை வைத்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருந்தாள். "இவ அங்கேயே இருந்திருந்தா நம்ம வீட்டு வயல் அரிசியைத் தின்னுருப்பா. அம்மா வீட்டுக்கு வந்ததால இதைத் திங்கறா."

மறுநாள் லாரி வந்தபோது ஒரே ஒரு மூட்டையை நிறுத்திக்கொள்ளச் சொல்லி அண்ணி கேட்டார். சோதனைக்குக் கொடுத்துத் தேறிய நெல், மொத்தமாகத்தான் ஏற்ற வேண்டும் என்றார் கம்பெனி ஆள். அண்ணன் வாக்குக் கொடுத்தவர். குனிந்த தலை நிமிராமல் எல்லா மூட்டையையும் ஏற்றிவிட்டார். மகளுக்கு அண்ணி கடையில் அரிசி வாங்கிப் போட்டார். அது எந்த வயலில் விளைந்தது, அந்த வயல்காரர் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? நாங்கள் இத்தனை வருஷம் ஊருக்கு அனுப்பிய நெல்லும் அப்படித்தானே யார் வீட்டுப் பானைக்கோ போயிருக்கும்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மருந்தால் ஏதாவது ஆனது என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் அண்ணிக்கு அன்று போன உறக்கம் திரும்பவில்லை. வீட்டு வயலை இந்தத் தடவை வீட்டுக்கே விடுங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அதைக் கொடுத்தால்தான் அடுத்த வருஷமும் வருவோம் என்றது கம்பெனி. அண்ணன் மறுபடியும் தலையாட்டினார்.

குழந்தைக்குத் தலை நின்றதும் மகள் கிளம்பினாள். திருச்சி ஏர்போர்ட்டுக்கு எல்லோரும் போனோம். வெளிநாடு போகிற மகளுக்கு எந்தத் தாயும் கட்டிக்கொடுப்பதுபோல அண்ணியும் பருப்புப்பொடி, வடகம், அப்பளம், குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் உரைமருந்து எல்லாம் பெட்டியில் அடுக்கியிருந்தார். வாசலில் வைத்து அண்ணன் ஒரு துணிப்பையை நீட்டினார். நம் நிலத்து அரிசி, போனதும் முதல் சோறு இதில் ஆக்கு என்றார். எங்கள் வீட்டுப் பெண்கள் யார் கிளம்பினாலும் அவர் செய்வதுதான்.

மகள் வாங்கக் கை நீட்டினாள். அண்ணி இடையில் புகுந்து பையைப் பிடித்துக்கொண்டார்.

"அரிசி வேணாம்டா. அங்க கடையில வாங்கிக்க. நம்ம வீட்டு அரிசி அங்கதான் இருக்கு."

குரலில் கோபமே இல்லை. மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பும்போது மூவரும் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் இறங்கினோம். பசி நேரம். அண்ணி அந்தப் பையை அவிழ்த்து, அரிசியைக் களைந்து உலையில் போட்டார். அண்ணன் முதலில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.