தகடு எடுத்த நீலம்

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவருக்கு ஏழரைச் சனி தொடங்கியது. நீலக்கல் மோதிரம் போடலாம், ஆனால் கல்லின் அடிப்பக்கம் விரலில் பட வேண்டும் என்றார் ஜோதிடர். கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த பதக்கத்தில் ஒரு நீலக்கல் இருந்தது. பேனா மையை உறைய வைத்தது போன்ற கருநீலம். அதைக் கழற்றி மோதிரத்தில் பதிக்கச் சொல்லி டவுனில் ஓர் ஆசாரியிடம் கொடுத்தேன்.

மோதிரத்தை வாங்கிக்கொண்டு பீளமேட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், கல் வெளிறிக் கிடந்தது. ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். அது என் கல் இல்லை. கல்லைக் கழற்றும்போது, "நீங்க காத்திருக்க வேண்டாமுங்க" என்று அவர் என்னை அனுப்பிவைத்தது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையே பட்டறைக்குப் போனேன்.

"ஏனுங்க, கல்லை மாத்திப்போட்டீங்களா?"

அங்கிருந்த வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆசாரி கோபப்படவில்லை. ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, நகமளவு நீலத் தகடு ஒன்றை எடுத்தார்.

"பதக்கத்துல கல்லுக்கு அடியில இது இருந்துச்சுங்க அம்மணி. நெறம் தூக்கலாத் தெரிய அந்தக் காலத்துல இப்படி வெச்சு அடைச்சுருவாங்க. இப்ப மோதிரத்துல அடி தொறந்திருக்குதுங்க, தகடு வெக்க முடியாதுங்க."

தகட்டை மோதிரத்துக்கு அடியில் பிடித்தார். பழைய கருநீலம் அப்படியே வந்தது.

"எந்தக் கல்லுக்கு அடியில வெச்சாலும் இப்படித்தானுங்க வரும்" என்றேன். அவர் தகட்டைத் திரும்பப் பொட்டலத்தில் மடித்தார்.

கல் சோதிப்பவரிடம் போனேன். "அசல் நீலந்தானுங்க. ஆனா உங்க கல்லுதானான்னு நான் எப்படிங்க சொல்றது?" என்றார் அவர். சேராத நீலம் மூன்று நாளில் குடும்பத்தைக் கலைத்துவிடும் என்பார்கள். இது விரலில் ஏறும் முன்பே வேலையை ஆரம்பித்துவிட்டது என்றார் என் கணவர். அவர் அதைப் போட்டுக்கொள்ளவே இல்லை.

அடுத்த வாரம் ஆனைமலையிலிருந்து அம்மா வந்தார். மறைக்க முடியாமல் சொல்லிவிட்டேன். மோதிரத்தை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"இதேதான் கண்ணு. ஓரத்துல துளி பொரிஞ்சு உதுந்திருக்குது பாரு. நீ கைக்கொழந்தையா இருந்தப்ப என் கழுத்துப் பதக்கத்தைப் புடிச்சு இழுத்து, அம்மியில பட்டுச்சு."

கல்லுக்குள் வெளிச்சம் ஓடுவதை அப்போதுதான் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். ஆசாரி நாற்காலி போட்டு, காபி வரவழைத்தார். "பரவால்லீங்க அம்மணி, கேட்டுப்போட்டது நல்லதுதானுங்க." மனம் லேசாகி, திருகு கழன்ற என் மகளின் கம்மலை எடுத்து நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"வேலை நெறைய இருக்குதுங்க. வேற பக்கம் குடுத்துக்குங்க."

அவர் முன்னால் இருந்த மேசையில் ஒரு நகையும் இல்லை.