கிளிஃபர்ட் வேலைக்கு வைத்த ஆள்

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் காலமெல்லாம் பஸ் ஓட்டிய கிளிஃபர்ட் ஹெப்டனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பார்த்துக்கொள்ள நகர கவுன்சில் அனுப்பிய பெண்கள், தெருவில் பிள்ளைகள் இன்னும் பந்தாடிக்கொண்டிருக்கும்போதே அவரைப் படுக்கையில் கிடத்திவிட்டுப் போனார்கள். வந்த முகம் மறுபடி வராது.

ஒருநாள் கவுன்சில் அதிகாரி லாங்டன் அம்மாள் வந்தாள். "இனிமே உங்களைப் பாத்துக்கறதுக்கான பணத்தை உங்ககிட்டயே குடுத்துடறோம், சார். பிடிச்ச ஆளை நீங்களே வேலைக்கு வெச்சுக்கலாம்."

"கவுன்சிலாவது, சும்மா குடுக்கறதாவது! இதுல ஏதோ உள்குத்து இருக்கு."

வாங்கிக்கொண்டார், நம்பவில்லை. தெருமுனையிலிருந்த பப்பில் பியர் ஊற்றிக்கொண்டிருந்த ஜானிஸை வேலைக்கு வைத்தார். முதல் நாளே அவள், "எப்போ படுக்கப்போறே, கிளிஃப்?" என்று கேட்டாள். யாரும் கேட்காத கேள்வி. அதிலும் அவருக்குச் சந்தேகம்.

பர்ஸை மேசையில் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதுபோல் கண்ணை மூடினார். ஜானிஸ் அதை எடுத்து இழுப்பறையில் வைத்தாள். "நடிப்பு போதும். எழுந்து டீயைக் குடி."

ஒரு வாரம் நிம்மதியாகப் போனது. பிறகு ஜன்னல் வழியே பார்த்தார்: வாசல் கேட்டருகே ஜானிஸும் லாங்டன் அம்மாளும் வீட்டைக் காட்டிக் காட்டிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று முழுவதும் ஜானிஸுக்கு முகம் கொடுக்கவில்லை. சாயங்காலம் வெடித்துவிட்டார்.

"அவகிட்ட என்னைப் பத்தி என்னடி போட்டுக்குடுத்தே?"

ஜானிஸ் அவரைத் துடைத்து, உடை மாற்றி, படுக்கவைத்தாள். பிறகு வீட்டுச் சாவியைத் தலைமாட்டில் வைத்தாள்.

"சனிக்கிழமை உன்னை ரக்பி மேட்சுக்குக் கூட்டிட்டுப் போனா, கவுன்சில் பணத்துலயே எனக்குச் சம்பளம் தரலாமான்னு கேட்டேன். தரலாம்னாங்க. இனி உன் சந்தேகத்தைக் கூட்டிக்கிட்டு நீயே போ."

வாழ்நாளெல்லாம் முதலாளிகளிடம் மன்னிப்புக் கேட்டுப் பழகியவர் கிளிஃபர்ட். முதலாளியாக இருந்துகொண்டு கேட்பது எப்படி என்று தெரியவில்லை. விடிந்ததும் இடது கையால் போனைத் தடவி எடுத்தார்.

"தப்பு என்மேலதான், ஜானிஸ்."

"காது கேக்கல. சத்தமா சொல்லு."

கத்திச் சொன்னார். வந்துவிட்டாள்.

சனிக்கிழமை தூறலில் மைதானத்து ஓரமாகச் சக்கர நாற்காலி நின்றது. கிளிஃபர்ட் கையில் இறைச்சி அடைத்துச் சுட்ட சூடான பலகாரம்.

"அடுத்த வருஷம் கவுன்சில்காரங்க இந்தப் பணத்தையும் பிடுங்கிக்குவாங்க, பாரு."

"பிடுங்கறப்போ பாத்துக்கலாம். இப்போ வாயை மூடிட்டு ஆட்டத்தைப் பாரு."