ஐஸ் இல்லாத இரண்டு நாட்கள்

கழுவிய குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் அவள் கீழே வைத்ததில்லை. கழுவுவதற்கு முன்னும் ஒரு பார்வை. பத்தொன்பது வருடப் பழக்கம். ஆய்வகத்தில் அவளுக்குப் பெயரே 'கண்ணாடி அக்கா'. எட்டாவதோடு படிப்பை விட்டவள். கேட்டாலொழிய வாய் திறக்க மாட்டாள்.

அங்கே ஆராய்ச்சியாளரான மேடம் ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். செல்லுக்குள் ஆர்.என்.ஏ. என்ற இழையை வெட்டி ஒட்டிச் சீராக்கும் நொதிக் கூட்டம் ஒன்று உண்டு. சில நோய்களில் அது தறிகெட்டு ஆடும். அதன் கையைக் கட்டிப்போட வேண்டிய மருந்து இது. ஏழு மாதத்தில் இரண்டே நாள்தான் வேலை செய்தது. வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி வேலை செய்யாவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடச் சொல்லிவிட்டார் இயக்குநர்.

புதன்கிழமை மேடம் மேசையில் தலை கவிழ்ந்திருந்தார். அவள் குப்பித் தட்டோடு மேடம் பக்கத்தில் போய் நின்றாள்.

"மேடம்... மருந்துக் குப்பி அடியில வெள்ளையா ஒட்டியிருக்கு."

"சோப்பை மாத்திப் பாருங்கக்கா."

"கழுவுறதுக்கு முன்னாடியே இருக்கு மேடம். ரெண்டே நாள்தான் சுத்தமா வந்துச்சு. ரெண்டு நாளும் ஐஸ் மெஷின் ரிப்பேரு."

மேடம் எழுந்து ஓடினார். மெஷினில் மெக்கானிக் ரிப்பேர் தேதி எழுதி ஒட்டிய அட்டையையும் தன் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மருந்து வேலை செய்த தேதிகளும் அவையேதான்.

ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும் என்று அங்கே எதையும் கண்ணை மூடிக்கொண்டு ஐஸில் புதைப்பார்கள். மருந்தையும் புதைத்திருந்தார்கள். குளிரில் அது அடியில் படிந்துவிட, மேலே நின்ற வெறும் திரவத்தைத்தான் மேடம் சோதித்திருந்தார்.

"ஐயோ அக்கா! இவ்வளவு படிச்சும், மருந்தையெல்லாம் சாக்கடைக்கு அனுப்பியிருக்கேனே!"

"சாக்கடைக்கு இனி நோயே வராது மேடம்" என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார்.

வியாழக்கிழமை ஐஸ் இல்லாமல் மூன்று முறை சோதித்தார்கள். மூன்று முறையும் நொதிக் கூட்டம் கைகட்டி நின்றது. வெட்டுப்படாத இழைகள் சோதனைப் படத்தில் பட்டைக் கோடாகத் தெரிந்தன. வெள்ளிக்கிழமை படத்தைப் பார்த்த இயக்குநர், "யாரும்மா கண்டுபிடிச்சது?" என்றார்.

"இதோ, எங்கக்கா" என்று அவளைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார் மேடம். ஆய்வகமே கைதட்டியது. ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி, முதல்முறையாக அவள் தலை குனியாமல் நின்றாள்.

இன்றும் ஆராய்ச்சி நடக்கிறது. சோதனைக்குப் போகிற ஒவ்வொரு மருந்துக் குப்பியும் முதலில் அவள் கைக்கு வருகிறது; அவள் வெளிச்சத்தில் பார்த்துத் தலையசைத்த பிறகே மூடியைத் திறக்கிறார்கள்.