பெண்கள் வார்டில் சனிக்கிழமைப் பாட்டு

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற யுத்த பயத்தில் மெட்ராஸைக் காலி செய்துகொண்டு போனவர்கள் குடும்பம் குடும்பமாகத் திரும்பி வந்துகொண்டிருந்த சமயம். நான் கல்யாணமாகித் தியாகராய நகருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. புகுந்த வீட்டார் திருநெல்வேலிப் பக்கம்; பனகல் பார்க் அருகே ஜவுளிக் கடை வைத்திருந்தார்கள். கடைக்குப் புடவை எடுக்க வந்த மயிலாப்பூர் மாமி ஒருவர், நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை எங்களோட வாயேன்டிம்மா" என்று கூப்பிட்டார். மாமியாரும் சரி என்றார்.

மாமி நடத்திய மாதர் சங்கத்தில் ஐந்தாறு பெண்கள். சனிக்கிழமை பிற்பகல் மயிலாப்பூரில் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டுக்கு மாமி வீட்டு கிராமபோனை எடுத்துப் போய்ப் பாட்டு வைப்பார்கள். மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பவர்களுக்குப் பாட்டுக் கேட்க வேறு வழி ஏது? இசைத்தட்டுகளைப் பழைய புடவையில் சுற்றித் தூக்கி வருவதும், ஊசி மாற்றுவதும் என் வேலை. பாட்டை நான் காதால் கேட்டதோடு சரி. வாய்விட்டுப் பாடியதெல்லாம் அடுப்படியில்தான், அதுவும் யாரும் இல்லாதபோது.

கிராமபோனை ஏற்றும்போதெல்லாம் ரிக்‌ஷாக்காரர் முணுமுணுப்பார்: "இன்னாமா இது, பாடுற பொட்டிக்கு இம்மாங் கனம் கீது! பாடுறவங்களையே இட்டாந்தா லேசா இருக்குமே." நாங்கள் சிரிப்போம்.

வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் ரங்கூனிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். ரங்கூனில் கணவர் துணிக்கடை வைத்திருந்தாராம். குண்டு விழுந்ததும் ஊரே கிளம்பியபோது, கடையைப் பூட்டிவிட்டுப் பின்னால் வருகிறேன் என்று சொன்ன கணவர் வரவேயில்லை. இவள் காடும் மலையுமாக நடந்து வந்ததில் காலில் பட்ட காயம் எலும்புவரை போய்விட்டது. இதையெல்லாம் நர்ஸ்தான் சொன்னாள். அவள் யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. நாங்கள் கிராமபோனைத் திறந்தாலே போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள்.

மாமிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. "நம்ம சாமி பாட்டெல்லாம் அவாளுக்குப் பிடிக்கலையோ என்னமோ. பாவம், வாயைத் திறந்து சொல்லவும் மாட்டேங்கறா" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் கடைக்குத் தைத்துக் கொடுக்கும் உருதுக்காரர் வீட்டில் கேட்டு ஒரு கஜல் இசைத்தட்டு வாங்கி வந்தேன். அடுத்த சனிக்கிழமை மாமியே அவள் கட்டில் பக்கத்தில் போய், "இன்னிக்கு உங்க உருதுப் பாட்டு வெக்கறோம், கேக்கறேளா?" என்றார்.

அவள் போர்வையை விலக்கிப் பார்த்தாள். "எனக்கு உருது தெரியாதேம்மா" என்றாள். அவள் குரலை அன்றைக்குத்தான் கேட்டோம்.

மாமி அசடு வழிந்தார். இருந்தாலும் கொண்டு வந்தாயிற்றே என்று தட்டை வைத்தோம். அந்தக் கிராமபோனின் ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது. யுத்த காலத்தில் புதிது எங்கே கிடைக்கும்? பாதிப் பாட்டில் குரல் இழுத்து இழுத்துக் கீழே இறங்கும். அவசரமாகச் சாவி கொடுத்தால் வீலென்று மேலே ஏறும். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். அன்றும் குரல் இறங்கியது, நான் சாவி கொடுத்தேன், ஏறியது. திரும்பிப் பார்த்தால் ஜன்னலோரக் கட்டிலில் ஆளில்லை. கட்டுப் போட்ட காலோடு கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டு கிடந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தாள்.

நான் ஊசியைத் தூக்கிவிட்டு ஓடினேன். தரையில் அவள் பக்கத்திலேயே படுத்து, "அக்கா, என்னக்கா செய்யுது?" என்று கேட்டேன்.  காதிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்தாள்.

"பாட்டு என்ன செய்யும் புள்ள? எந்தச் சாமி பாட்டுன்னாலும் கேப்பேன். அந்தப் பொட்டி அழுவுது பாரு... ரங்கூன்ல அபாயச் சங்கு அப்படித்தான் ஊதும். ஏறும், எறங்கும். அப்புறம் குண்டு விழும்."

மாமி கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு கிராமபோனை மூடி, கொக்கியை மாட்டி, வராந்தாவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.  ஒரு கிழவி, "அப்போ இன்னிக்குப் பாட்டு இல்லியா?" என்றாள்.

மாமி என்னைப் பார்த்தார். "எனக்குத் தொண்டை கட்டிண்டிருக்கு. நீ பாடேன்டி."

"எனக்குப் பாடத் தெரியாது மாமி."

"வாராவாரம் கேக்கறயோன்னோ? அதைப் பாடு."

தரையில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இசைத்தட்டில் கேட்டதுதான். அதனால் அதில் உள்ளபடியே பாடினேன். நடுவில் ஆர்மோனியம் வரும் இடத்தில் நிறுத்தத் தெரியவில்லை. வாயாலேயே ஆர்மோனியமும் வாசித்தேன். தபலா இரண்டு தட்டு தட்டும், அதையும் தட்டினேன். அந்தக் காலத்துத் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடியவர் தன் பெயரைக் கணீரென்று சொல்வாரே, அதையும் அதே கணீரோடு சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. முகம் சுட்டது.

முதலில் சிரித்தது கட்டிலுக்கு அடியில் இருந்தவள்தான். அவள் சிரித்ததும் வார்டே சிரித்தது. அந்தக் கிழவிக்கு இருமல் வந்துவிட்டது. "இன்னொரு தட்டு போடு புள்ள" என்றாள் ரங்கூன் அக்கா. நானும் நர்ஸும் அவளைத் தூக்கிக் கட்டிலில் விட்டோம். என் கையை அவள் விடவில்லை. ஒரு கை அவளிடம் இருக்க, மறு கையால் தபலா தட்டிக்கொண்டு அடுத்த பாட்டைப் பாடினேன்.

அதற்குப் பிறகு கிராமபோன் ஆஸ்பத்திரிக்குப் போகவேயில்லை. நாங்களே பாடினோம். ஸ்ருதி சேராது, ஒருத்தி முந்துவாள், ஒருத்தி பிந்துவாள். கேட்பவர்களும் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் மூன்று நிமிஷத்தில் தட்டு முடிந்துவிடும். இப்போது யாருக்கும் முடிக்க மனசு வராது.

அக்காவின் கால் மெல்ல ஆறியது. கம்பு ஊன்றி நடந்தாள். ராயப்பேட்டையில் உறவுக்காரர் வீட்டில் தங்கித் தையல் வேலை செய்தாள். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் வார்டுக்கு வந்துவிடுவாள். அவளுக்குப் பாட்டு வராது. புதிதாக வந்தவர்கள் யார், யார் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்கள் கட்டிலில் போய் உட்கார்ந்துகொள்வாள். கேட்டால்தான் பேசுவாள்.

யுத்தம் முடிந்து சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை மூச்சு வாங்க வந்தாள். வார்டு வாசலிலேயே என்னை நிறுத்தி, "அவுக வந்துட்டாக புள்ள" என்றாள்.   இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து அழுதோம். உள்ளே மாமி பாட்டை ஆரம்பித்திருந்தார்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போனேன். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய பெண்கள் நாலைந்து பேர் நின்றதில் அவள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அவளே வந்து கையைப் பிடித்தாள். பக்கத்தில் ஒட்டி உலர்ந்த ஒரு மனிதர், தலை குனிந்தபடி, "பாடுற அம்மா இவுகதானா?" என்று அவளைக் கேட்டார்.

"ஆமா. ஆர்மோனியமும் இவுகதான்" என்றாள்.

ரயில் போன பிறகு, நான் வீடு திரும்ப மாம்பலத்துக்கு ஒரு மின்சார வண்டி வந்தது. ஏறத் தோன்றவில்லை. அடுத்த வண்டி வரட்டும் என்று பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன்.