பாரமென்று எறிந்த வயர்

அண்ணன் லண்டனிலிருந்து வந்தபோது, என் பழைய லப்டொப்பில் செருகினால் கூடுதல் யூஎஸ்பி துளைகள் தரும் கார்ட் ஒன்று கொண்டுவந்தார். அதில் மவுஸ் மட்டும் வேலை செய்தது. ஹார்ட் டிஸ்க், வெப்கேம், பென்டிரைவ் எதைக் கொழுவினாலும் ஒரு முறை மினுங்கிவிட்டு அணைந்தது. கார்ட்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். கடைசியில் லப்டொப்பில் இருந்த எல்லாவற்றையுமே அழித்துப் புதிதாய் ஏற்றினேன். ஒரு கிழமை, முழுசாய் ஏழு நாள், நாசமாய்ப் போனது.

பிறகுதான், மேலதிகமாகக் கரண்ட் கொடுப்பதற்கென்று கார்ட்டின் ஓரத்தில் இருந்த சின்ன ஓட்டை கண்ணில் பட்டது.

“அண்ணை, இதுக்கு வயர் ஒண்டு வரேல்லையோ?”

“ஓம், பெட்டிக்குள்ளை கிடந்தது. சூட்கேஸ் பாரம் கூடிப்போச்செண்டு பெட்டியோடை எறிஞ்சிட்டன்.”

பாரமாம்! எங்கள் மானிப்பாய்க் கடையிலேயே வாங்கக்கூடிய சொக்லேட்டை அவர் லண்டனிலிருந்து சுமந்துவந்திருந்தார்; மேசையில் பை பையாகக் கிடந்தது.

“கோவியாதை. இந்தா, சொக்லேட் சாப்பிடு,” என்று நீட்டினார்.

“உந்தச் சொக்லேட்டை இந்த ஓட்டைக்குள்ளை கொழுவட்டோ?” என்று கத்தினேன்.